ஒரு இலக்கம் போதாது

மூடுபனி விலகாத ஒரு காலையில், கந்தப்பளையில் அந்த அக்காவின் லயத்துக்குப் போனேன். 1977 கலவரத்தின் பின் பெற்றோருடன் கிளிநொச்சிக்குக் குடிபெயர்ந்தவர் அவர். 2009இல் கணவனை இழந்து, பிறந்த தோட்டத்துக்கே திரும்பினார். சூலகப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையும் மருந்தேற்றலும் முடிந்து ஒன்றரை வருடமாகியிருந்தது.

“இந்தத் தடவ கண்டிக்குப் போகல மிஸ். ரத்தத்துல 28 தான் இருக்கு. 35க்குக் கீழ இருந்தா பயமில்லையாம். பஸ் காசும் போயி, ஒரு நாள் பேரும் போயிரும்” என்றார்.

அவர் சொன்ன இலக்கம் ‘சி.ஏ.-125’ என்னும் புரதத்தின் அளவு. 1981இல் அமெரிக்காவில் ரொபர்ட் பாஸ்ட் குழுவினர் இதை இனங்கண்டனர். சூலகப் புற்றுநோய் உள்ள பலரின் இரத்தத்தில் இது கூடுகிறது. ஆனால் மாதவிடாய், கர்ப்பம், ஈரல் நோய், வயிற்றுக் காசநோய் ஆகியவற்றாலும் கூடலாம். எனவே இதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று சொல்ல முடியாது. சிகிச்சையின் பின்னர்தான் இதன் பயன் அதிகம். கட்டி சுருங்கினால் அளவு இறங்கும். மீண்டும் வளர்ந்தால் பெரும்பாலும் ஏறும். குடல் புற்றுநோய்க்கு சி.ஈ.ஏ., ஈரல் புற்றுநோய்க்கு ஏ.எப்.பி. என வேறு புரதங்களும் உண்டு.

வன்னியில் இடம்பெயர்ந்தபோது ஆவணங்களைத் தொலைத்துவிட்டு அலைந்தவர் என்பதால், அக்கா ஒரு துண்டையும் எறிவதில்லை. பையிலிருந்த பழைய அறிக்கைகளைத் திகதி வரிசையில் அடுக்கினோம்: 640, 90, 14, 28.

கடைசி இரண்டும் என்னை உறுத்தின. கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். “28 தனியே பயமில்லை. 14 இரண்டு மடங்கானதைத்தான் கவனிக்க வேண்டும்” என்றார் வைத்தியர். மறுபடி இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனும் செய்தார்கள். சிறு கட்டியொன்று தெரிந்தது. அக்கா அழுதார். ஆனால் அடுத்த சிகிச்சை பற்றி வைத்தியருடன் ஆறுதலாகப் பேசி முடிவெடுக்க அவருக்கு அவகாசம் இருந்தது.

சகோதரிகளே, அறிக்கைகளைத் திகதி வரிசையில் பத்திரப்படுத்துங்கள். இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் சோதியுங்கள். இலக்கம் சற்று ஏறினால் நோய் திரும்பிவிட்டது என்று ஒடிந்துவிடாதீர்கள். குறைவாக இருக்கிறதென்று கிளினிக்கையும் தவறவிடாதீர்கள். வயிறு ஊதினாலோ, வலித்தாலோ, பசி குறைந்தாலோ இலக்கம் எதுவானாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.