'ட்ரையல்ல சேர்றீங்களா?' என்று டாக்டர் கேட்டால்... கையெழுத்துக்கு முன் புற்றுநோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

நான்கு சுற்று கீமோ முடிந்துவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "ஒரு ட்ரையல் நடந்துட்டு இருக்கு. சேர்றீங்களா? யோசிச்சு சொல்லுங்க" என்று சில பக்கங்கள் கொண்ட ஒரு படிவத்தை நீட்டுகிறார். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் குடும்பத்துக்குள் பேச்சு தொடங்குகிறது.

"நம்மள வச்சு டெஸ்ட் பண்றாங்களா?"

"வேற வழியே இல்லைன்னுதான் இப்படிச் சொல்றாங்களோ?"

"எல்லாம் ஃப்ரீதானே, சேர்ந்துடலாம்."

"அப்பாவுக்கு கேன்சர்னே தெரியாது. நாமளே கையெழுத்து போட்டுடுவோம்."

முதல் மூன்றிலும் பாதி உண்மை, பாதி தவறு. நான்காவது, விதிப்படி நடக்கவே நடக்காது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிளினிக்கல் ட்ரையல் என்றால் என்ன?

ஒரு மருந்தோ சிகிச்சை முறையோ மனிதர்களுக்குப் பாதுகாப்பானதா, பலன் தருகிறதா என்று கண்டறிய, முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிய திட்டப்படி நடத்தப்படும் ஆய்வுதான் கிளினிக்கல் ட்ரையல். தமிழில் மருத்துவப் பரிசோதனை என்கிறோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் மாதிரி இது உங்கள் உடம்பில் என்ன நோய் என்று பார்க்கும் டெஸ்ட் அல்ல. சிகிச்சையைத்தான் இங்கே பரிசோதிக்கிறார்கள்.

ஆய்வகத்திலும் விலங்குகளிலும் சோதித்த பிறகே ஒரு புதிய மருந்து மனிதர்களிடம் வரும். அதிலும் படிகள் உண்டு.

முதல் கட்டம்: எவ்வளவு டோஸ் கொடுத்தால் உடம்பு தாங்கும், என்ன பக்கவிளைவு வரும் என்று பார்ப்பார்கள். சில பத்து பேர்தான் இருப்பார்கள்.

இரண்டாம் கட்டம்: கட்டி சுருங்குகிறதா, நோய் கட்டுக்குள் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

மூன்றாம் கட்டம்: இப்போது வழக்கத்தில் இருக்கும் சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். நூற்றுக்கணக்கில், சில ஆய்வுகளில் ஆயிரக்கணக்கில் நோயாளிகள் சேர்க்கப்படுவார்கள்.

நான்காம் கட்டம்: மருந்து விற்பனைக்கு வந்த பிறகும் கண்காணிப்பார்கள்.

உங்களிடம் கேட்பது எந்தக் கட்டம் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம். முதல் கட்ட ஆய்வின் நோக்கம் சரியான டோஸைக் கண்டுபிடிப்பது. உங்களுக்குப் பலன் கிடைக்கலாம், ஆனால் அந்த உறுதியை யாரும் தர முடியாது. 'புது மருந்து' என்றாலே 'நல்ல மருந்து' என்று நினைத்துவிடக் கூடாது. அது நல்லதா என்று தெரியாததால்தான் ட்ரையலே நடக்கிறது.

"நம்மள வச்சு டெஸ்ட் பண்றாங்களா?"

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்தது அல்ல. 1999-2000 காலத்தில் திருவனந்தபுரத்தில் வாய்ப்புற்று நோயாளிகளிடம் புதிய ரசாயனம் ஒன்று சோதிக்கப்பட்டது பெரிய சர்ச்சையானது. அதில் தொடர்புடைய பேராசிரியர் பணியாற்றிய அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், 2001-இல் தன் விசாரணை முடிவை வெளியிட்டது. முன்கூட்டியே விலங்குகளில் போதிய பாதுகாப்புச் சோதனை நடக்கவில்லை என்றும், பல்கலைக்கழகத்தின் அனுமதி பெறவில்லை என்றும் அது சொன்னது.

பின்னர் உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கை ஒட்டி 2013-இல் விதிகள் இறுக்கப்பட்டன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள். இவற்றின்படி புதிய மருந்து ஆய்வுக்கு மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். மருத்துவ நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். குறைந்தது ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாது. சட்டம் தெரிந்தவரும், மருத்துவம் சாராத சாதாரணக் குடிமகன் ஒருவரும் இருக்க வேண்டும்.

"வேற வழியே இல்லைன்னு அர்த்தமா?"

அப்படி இல்லை. நோயின் எந்தக் கட்டத்திலும் ட்ரையல் நடக்கலாம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை முன்னின்று நடத்திய ஒரு ஆய்வைப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்குத் தயாராக இருந்த சுமார் 1,600 மார்பகப் புற்றுநோயாளிகள் அதில் பங்கேற்றார்கள். எல்லோருக்குமே வழக்கமான ஆபரேஷன்தான். ஒரு பாதிப் பேருக்கு மட்டும், ஆபரேஷனுக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிடோகெயின் ஊசி போட்டார்கள். மரத்துப்போகச் செய்யும், விலை குறைந்த, பழைய மருந்து அது.

2023-இல் வெளியான முடிவின்படி, ஊசி போடாத குழுவில் ஐந்து ஆண்டுகள் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 86.4 சதவீதம். ஊசி போட்ட குழுவில் 90.1 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள்.

முற்றிய நோயிலும் ட்ரையல் பலன் தந்திருக்கிறது. டாடா மெமோரியலிலேயே, குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. நிவோலுமாப் என்ற விலை உயர்ந்த இம்யூனோதெரபி மருந்தை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். குறைந்த டோஸ் நிவோலுமாபும் பெற்றவர்களில் அது 43.4 சதவீதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மருந்து கிடைத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எதிர்பார்ப்பு பொய்த்த கதையும் உண்டு. 1990-களில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக டோஸ் கீமோவும் எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சையும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கொடுக்கப்பட்டன. 'அதிகம் கொடுத்தால் அதிகம் பலன்' என்று நம்பினார்கள். முறையான ட்ரையல்களின் முடிவு வந்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட அது ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. பக்கவிளைவுகளைத் தாங்கியதுதான் மிச்சம்.

எனக்குப் புது மருந்துதான் கிடைக்குமா?

கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மூன்றாம் கட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். யார் எந்தக் குழு என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டார். சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சில ஆய்வுகளில் எந்தக் குழு என்பது டாக்டருக்கே தெரியாது.

"அப்போ வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாத்திடுவாங்களா?" என்று கேட்கிறீர்களா? பலன் தரும் சிகிச்சை ஏற்கெனவே இருக்கும்போது, அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை மட்டும் கொடுப்பது முறையல்ல. பொதுவாக ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையும், இன்னொரு குழுவுக்கு அதோடு புதிய மருந்தும் தருவார்கள். மருந்தில்லா மாத்திரை பயன்படுத்துவதாக இருந்தால் படிவத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

"எல்லாம் ஃப்ரீதானே?"

ஆய்வு தொடர்பான செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. ஆனால் நீங்கள் எப்படியும் எடுக்க வேண்டிய வழக்கமான சிகிச்சைக்கான செலவு வேறு. கூடுதலாக மருத்துவமனைக்கு வந்து போகும் பஸ், ரயில் செலவு, தங்கும் செலவு, போகும் நாள்கூலி ஆகியவற்றில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று முதலிலேயே கேளுங்கள்.

ஆய்வால் உடல் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர விதி இருக்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. கடுமையான பாதிப்பு எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

'ட்ரையல்ல சேர்க்கிறோம், இத்தனை லட்சம் கட்டுங்க' என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளின் விவரம் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கும். 2009 ஜூன் முதல் இந்தப் பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த இணையதளத்தில் தேடினால் யார் நடத்துகிறார்கள், எங்கே நடக்கிறது எனப் பார்க்கலாம்.

"அப்பாவுக்குத் தெரியாது, நாங்களே கையெழுத்து போடுறோம்"

நம் வீடுகளில் இது சகஜம். "தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவார்" என்று பாசத்தால்தான் மறைக்கிறோம். ஆனால் சுயநினைவோடு, முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் ஒருவருக்காக மனைவியோ மகனோ மகளோ ட்ரையல் படிவத்தில் கையெழுத்து போட முடியாது. அவர் முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே சட்டப்படியான பிரதிநிதி அந்த இடத்துக்கு வரலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் அதற்குப் புரியும்படி சொல்லி ஒப்புதல் கேட்க வேண்டும்.

அப்பாவுக்கு என்ன நோய், என்ன மருந்து, என்ன ஆபத்து என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஊசி ஏறப்போவது அவர் உடம்பில். வாந்தி, காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று ஏதாவது வந்தால், "இது அந்த மருந்தாலயா?" என்று சந்தேகப்பட்டு உடனே சொல்ல வேண்டியவரும் அவர்தான். அல்சருக்கு மாத்திரை சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அதை எப்படிச் சொல்வார்?

படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத நடுநிலையான சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். கையெழுத்தான படிவத்தின் நகலை நோயாளியிடம் கொடுக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் 'வேண்டாம்' என்று அவர் சொல்லலாம். பாதியில் விலகவும் செய்யலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. இது எந்தக் கட்ட ஆய்வு? இதுவரை எத்தனை பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள்?

2. இதில் சேராவிட்டால் எனக்கு இருக்கும் சிகிச்சை என்ன?

3. குழு பிரிப்பார்களா? எந்தக் குழுவுக்கு என்ன கிடைக்கும்?

4. என்னென்ன பக்கவிளைவு வரலாம்? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் யாருக்கு போன் செய்வது?

5. எத்தனை முறை வர வேண்டும்? செலவு யாருடையது?

6. மருந்து எனக்குப் பலன் தந்தால், ஆய்வு முடிந்த பிறகும் கிடைக்குமா?

7. சிடிஆர்ஐ எண் என்ன? நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் என்ன?

அன்றைக்கே கையெழுத்து போட வேண்டிய அவசியமில்லை. படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், வேறொரு டாக்டரிடம் காட்டிக் கேட்கலாம். யோசிக்க நேரம் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். வீட்டுக்குப் போனதும், படிவத்தை முதலில் அப்பா கையில் கொடுங்கள். படிக்கக் கஷ்டப்பட்டால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.