கண்டிக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார்

கண்டி மாநகரின் பழம்பெருமையைச் சொல்லப் புகுவோர் தலதா மாளிகையைச் சொல்வர். மகாவலி கங்கையைச் சொல்வர். மலையரண் காத்த மன்னர்களைச் சொல்வர். அந்நகரினுள் கைதியாகக் கொண்டுவரப்பட்டு, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அதனையே தம் பணிக்கு நடுவிடமாகக் கொண்டு, அங்கேயே உயிர்நீத்த கத்தோலிக்கக் குரு ஒருவரின் வரலாறும் அந்நகரின் வரலாற்றோடு சேர்ந்ததே. அவர்தாம் யோசேப் வாஸ் அடிகளார்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தார். தாய்மொழி கொங்கணி. 1676இல் குருப்பட்டம் பெற்றார். கோவாவில் மதிப்பும் வசதியும் உள்ள பதவிகள் அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் மனமோ இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையை எண்ணி வருந்திக்கொண்டிருந்தது.

அந்நிலை யாது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்ததும், இலங்கையின் கரையோரப் பகுதிகளில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிவுற்று ஒல்லாந்தர் ஆட்சி நிலைபெற்றது. ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். குரு ஒருவரை மறைத்து வைத்திருப்போர்க்கு மரணதண்டனை என்று சட்டம் பிறந்தது. கத்தோலிக்க சமயத்திற் குருவின்றி நடவாத காரியங்கள் பல உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, அவசர வேளையில், ஒரு குடியானவனாலும் இயலும். பூசை நிறைவேற்றவும், பாவசங்கீர்த்தனம் கேட்கவும், மரணப் படுக்கையிற் கிடப்பவனுக்கு அவஸ்தைப்பூசுதல் செய்யவும் குருவே வேண்டும். இவை இல்லாமலே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. ஒரு தலைமுறை குருவின் முகத்தைக் காணாமலே வளர்ந்துவிட்டது.

1687இல், யோவான் என்னும் பணியாள் ஒருவனுடன், கூலியாளின் உடையில், தூத்துக்குடியிலிருந்து அடிகளார் கடல் கடந்தார். மன்னாரில் இறங்கி யாழ்ப்பாணம் சேர்ந்தார். கையிற் பொருளில்லை, வயிற்றுக்கடுப்பு வேறு அவரை வாட்டியது. கத்தோலிக்கர் யாவர், ஒல்லாந்தரின் ஒற்றர் யாவர் என்று அறிய வழியில்லை. செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார் என்றும், அதனைக் கண்டு முகம் மலர்ந்தோரை உற்று நோக்கித் தம்மவரை அறிந்துகொண்டார் என்றும் அவர் வரலாறு கூறுகின்றது. தமிழிற் பேசி, சில்லாலைக் கிராமத்தில் தங்கி, இரவுகளிற் பூசை நிறைவேற்றி, விடியுமுன் இடம் மாறினார்.

ஒல்லாந்தரின் வேட்டை கடுமையாகவே, அவர் புத்தளம் நோக்கி நகர்ந்தார். 1692இற் கண்டிக்குப் புறப்பட்டார். கண்டி இராச்சியம் ஒல்லாந்தரின் ஆணைக்கு உட்படாதது. ஆயினும் அவரை வரவேற்றது சிறைச்சாலையே! கண்டியில் வாழ்ந்த லனெரோல் என்னும் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் ஒருவர், வருபவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசனிடம் கூறியதே காரணம். சிறையிலிருந்த காலத்தை அடிகளார் வீணாக்கவில்லை, சிங்களம் கற்றார். காவலரும் அயலவரும் அவருடைய தவவாழ்வைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஐயம் சிறிது சிறிதாகத் தளர்ந்தது.

கண்டியிற் கடும் வறட்சி நேர்ந்தபோது அடிகளார் சிலுவை நாட்டிச் செபித்தார் என்றும், உடனே பெருமழை பெய்தது என்றும், அதன்பின் அரசன் அவருக்கு நடமாட்ட உரிமை வழங்கினான் என்றும் கத்தோலிக்க மக்கள் பக்தியோடு கூறுவர். எல்லாச் சமயத்தாரும் ஐயமின்றி வியக்கக்கூடிய செயலோ 1697இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு கண்டியில் வைசூரி பரவிற்று. அம்மை குத்தும் முறையை ஜென்னர் கண்டறிந்தது அதற்கு நூறு ஆண்டுகளின் பின்னரே. நோய் கண்டவனை உற்றாரே கைவிட்டனர். அரசனும் பிரதானிகளும் நகரை நீங்கினர். நோயினால் இறந்தவர் ஒருபுறமிருக்க, ஒரு மிடறு தண்ணீர் கொடுக்க ஆளின்றி இறந்தவரும் பலராயிருப்பர். அடிகளாரும், கோவாவிலிருந்து துணைக்கு வந்திருந்த யோசேப் கர்வாலோ என்னும் குருவும் நகரிலேயே தங்கினர். நோயாளரைத் தேடிச் சென்று உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரைப் புதைத்தனர். பௌத்தரா கத்தோலிக்கரா என்று கேட்கவில்லை. ஒற்றர் என்று சிறையிலிட்ட நகரத்துக்கு அவர் அளித்த மறுமொழி அதுவே.

இவ்விடத்தில் அரசனையும் நினைத்தல் முறையாகும். இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவன். அதே 1697ஆம் ஆண்டிலேதான் அவன் அரக்கான் தேசத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்து, மகாவலிக் கரையிலுள்ள கெட்டம்பையில் உபசம்பதைச் சடங்கினை மீண்டும் நடத்துவித்தான். தன் சமயத்தைத் தழைக்கச் செய்த அவனே வேற்றுச் சமயக் குருவுக்கும் நிழல் தந்தான். ஒல்லாந்தரின் பகைவருக்கு இடமளிப்பது அரசியலுக்கும் உகந்ததாயிருந்திருக்கலாம். அப்படியாயினும் அவன் பெருந்தன்மை குறைந்துவிடாது. அவனுக்குப் பின் 1707இல் அரியணையேறிய நரேந்திரசிங்கனும் அந்த ஆதரவைத் தொடர்ந்தான்.

அடிகளார் ஓரிடத்தில் அமர்ந்து ஓய்ந்தவரல்லர். மலைப்பாதைகளிலும் காட்டுவழிகளிலும் கால்நடையாகவே திரிந்தார். மாறுவேடத்தில் ஒல்லாந்தரின் கொழும்புக்குள்ளும் புகுந்து வந்தார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் சமய நூல்கள் பல இயற்றினார். நடந்து சென்று மக்களைத் தேடியவர் ஒருவர். குரு செல்ல இயலாத வீட்டுக்கும் நூலை அனுப்பியவர் மற்றவர். பொருத்தமான இணைதான்.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அடிகளார் கண்டியிற் காலமானார். அவருடல் அங்கிருந்த கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. நரேந்திரசிங்கனுக்குப் பின் வந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்திற் காற்று மாறி வீசிற்று. குருமார் துரத்தப்பட்டனர், கோயில்கள் அழிந்தன. 1995இற் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவர் என்றும், 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் முன்னிலையிற் புனிதர் என்றும் அறிவிக்கப்பட்ட அவரது கல்லறை, கண்டியில் எவ்விடத்தில் உள்ளதென்று இன்றுவரை கண்டறியப்படவில்லை.