முதுமையின் வலியா, தண்ணீரின் விளைவா?

ருகூவுக்குக் குனிய முடியவில்லை, சஜ்தாவிலிருந்து எழத் துணை வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், 'வயசாயிடுச்சு' என்று நாற்காலியை எடுத்துப் போடுகிறோம். தருமபுரி மாவட்டத்தில் அதோடு விட்டுவிடக் கூடாது. அவர்கள் பல ஆண்டுகளாகக் குடித்த தண்ணீரும் காரணமாக இருக்கலாம்.

இம்மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வரும் இதற்கு நிறமோ வாசனையோ இல்லை. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறையாகத் தெரியும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் எலும்பில் படிந்து கழுத்தும் இடுப்பும் மூட்டுகளும் இறுகும். முற்றினால் முதுகு வளைந்துவிடும். படிந்ததை முழுமையாக நீக்க மருந்தில்லை. ஆனால் அந்தத் தண்ணீரை நிறுத்தினால் பாதிப்பு வளர்வதைத் தடுக்கலாம்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்து பார்க்கலாம்:

1. முழங்காலை மடக்காமல் குனிந்து, தரையில் கிடக்கும் நாணயத்தை எடுப்பது.
2. தாடையால் நெஞ்சைத் தொடுவது.
3. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கிப் பின்தலையைத் தொடுவது.

தலைசுற்றல், கடும் முதுகுவலி உள்ளவர்கள் இவற்றைச் செய்ய வேண்டாம். முடியவில்லை என்பதாலேயே ஃபுளோரைடு பாதிப்பு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது; மூட்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனை, எக்ஸ்ரே மூலம் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் பாதுகாப்பான காவிரி நீர் தருவதற்காகவே ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் பயன்படுத்துங்கள். சோறும் பருப்பும் போர் தண்ணீரில் வெந்தால் ஃபுளோரைடு உணவு வழியாக உள்ளே போகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கும். ஒளு செய்யவும் குளிக்கவும் துணி துவைக்கவும் போர் தண்ணீர் போதும்.

உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஃபுளோரைடின் பாதிப்பு கூடும். நம் மாவட்டத்தில் விளையும் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. களியோ கூழோ பெரியவர்களுக்கு ஏற்றது. பால், முருங்கைக்கீரை, நெல்லிக்காயும் சேரட்டும். தேயிலையிலும் ஃபுளோரைடு இருப்பதால் தேநீரைக் குறைக்கலாம்.

வலிக்கிறது என்று நாள் முழுக்க உட்கார வைத்தால் தசையும் வலுவிழக்கும். இயன்றவரை நடக்கட்டும்; கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் சில முறை செய்யட்டும். வெளியே செல்ல இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பெரியவர்கள் குடிக்கும் அதே தண்ணீரைத்தான் பேரப்பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.