கட்டு இறுகினால் உயிர் தங்கும்

வண்டியில் வைக்கோல் ஏற்றியபின் கயிற்றினுள் ஒரு கழியைச் செருகி முறுக்கி இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதே முறையை 1674-இல் பெசன்சோன் நகர முற்றுகையின்போது மோரெல் என்ற பிரெஞ்சுப் படை மருத்துவர், காயமுற்ற வீரர்களின் இரத்தப்பெருக்கை நிறுத்தக் கையாண்டார் என்பர். 1718-இல் பெட்டி என்பவர் கழிக்குப் பதில் திருகு அமைத்தார். இக்கட்டுக்கு ‘டூர்னிக்கெட்’ என்று பெயர்.

நம் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தமே உள்ளது. தொடையின் பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். அதற்குள் கட்டிவிட வேண்டும். ஆனால் எவ்வளவு இறுக்குவது?

இதயம் சுருங்கும்போது தமனியில் அழுத்தம் ஏறத்தாழ 120 மி.மீ. பாதரசம். சிரைகளிலோ இது மிகக் குறைவு. ஆகவே அரைகுறையாகக் கட்டினால் சிரை மட்டுமே மூடும். தமனி திறந்தே இருக்கும். உள்ளே வரும் இரத்தம் இதயத்திற்குத் திரும்ப வழியின்றிக் காயத்தின் வழியே முன்னிலும் மிகுதியாக வெளியேறும். அரைக்கட்டு, கட்டாமல் விடுவதைவிடக் கேடானது!

கையால் இழுத்தால் மட்டும் போதிய இறுக்கம் கிடைப்பது அரிது. கழி நெம்புகோலாகி நம் விசையைப் பெருக்குகிறது. மெல்லிய கயிறும் உதவாது. பரப்பு குறைந்தால் அழுத்தம் மிகும் அல்லவா? அது தோலையும் நரம்பையும் நசுக்கும்; ஆழத்திலுள்ள தமனியைச் சரிவர மூடாது. எனவேதான் படைவீரர்களின் பட்டை ஏறத்தாழ 4 செ.மீ. அகலம் கொண்டது.

கட்டினால் காலே அழுகிவிடும் என்ற அச்சம் நெடுங்காலம் நிலவியது. 2006-இல் பாக்தாதில் ஒரு படை மருத்துவமனையில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அதிர்ச்சிநிலை தோன்றுமுன் கட்டப்பட்டவர்களில் 100-க்கு 90 பேர் பிழைத்தனர். தோன்றியபின் கட்டப்பட்டவர்களில் 10 பேரே பிழைத்தனர். கட்டினால் மட்டும் கையோ காலோ இழந்தவர் எவருமில்லை.

எனினும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டு நீடித்தால் தசையும் நரம்பும் கெடக்கூடும். ஆகையால் கட்டிய நேரத்தைக் குறித்து வைப்பது இன்றியமையாதது. இடையில் தளர்த்திப் பார்க்கக் கூடாது. அவிழ்ப்பது மருத்துவரின் வேலை.

சாலை விபத்துக்கும் இந்த அறிவு பயன்படும். முதலில் சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான காயங்களுக்கு அதுவே போதும். கை, கால்களில் அதற்கும் நில்லாத பெருக்குக்கே இக்கட்டு. பாம்புக்கடிக்கு இது கூடவே கூடாது.