இயற்கை இடக்கைப் பழக்கமா? பாரமான அணுக்களிடம் ஒரு விசாரணை

யாழ்ப்பாணக் கடலில் சங்கு குளிப்பவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் இடம்புரிதான். வலம்புரி அகப்பட்டால் யோகம். ஆனால் இடம்புரியைக் கண்ணாடி முன் பிடித்தால் உள்ளே தெரிவது அச்சொட்டாக வலம்புரி. அப்படியொரு சங்கு உருவாக முடியாது என்று எந்தப் பௌதிக விதியும் சொல்வதில்லை; அருமையாக உருவாகிறது, அவ்வளவே. விதிகளுக்கு இடம் வலம் கிடையாது என்றுதான் விஞ்ஞானிகளும் நெடுங்காலம் நம்பினார்கள்.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டிராக் மட்டும் 1949இலேயே அது கட்டாயமில்லை என்று எழுதிவைத்தார். 1957இல் சியன்-ஷியுங் வூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு அதை நிரூபித்தது. கடுங்குளிரில் கோபால்ட்-60 கருக்களைக் காந்தத்தால் ஒரே பக்கம் சுழலவைத்தபோது, இலத்திரன்கள் இரு முனையாலும் சமமாக வெளிவரவில்லை. ஒரு முனையால் கூடுதலாகத் தெறித்தன. பாரபட்சம் காட்டியது, பீட்டாக் கதிரியக்கத்துக்குக் காரணமான 'மென்விசை'.

அணுவுக்குள் கருவுக்கும் இலத்திரனுக்கும் இடையிலும் இந்த விசை உண்டு; மிக மிகச் சிறிது. ஆனால் புரோத்தன்களின் எண்ணிக்கை கூடக்கூட, அதன் மும்மடிக்கும் மேலாக விளைவு வளரும் என்று 1974இல் பிரான்சின் புஷியா தம்பதியர் கணித்தார்கள். ஆகவேதான் பாரமான அணுக்களுக்கு இவ்வளவு கிராக்கி. 55 புரோத்தன் கொண்ட சீசியத்தில் 1997இல் அமெரிக்காவின் போல்டரில் 0.35 சதவீதத் துல்லியத்துடன் அளந்தார்கள். 87 புரோத்தன் கொண்ட பிரான்சியத்தில் விளைவு அதைப்போல ஏறத்தாழ 18 மடங்கு.

சிக்கல் என்னவென்றால், பிரான்சியம் நிலைக்காது. நீண்டநாள் வாழும் வகைக்கே அரைவாழ்வு 22 நிமிடம். எனவே வன்கூவரின் டிரையம்ஃப் ஆய்வகத்தில் யுரேனிய இலக்கைப் புரோத்தன் கற்றையால் தாக்கி, அவ்வப்போது புதிதாக ஆக்குகிறார்கள். அயன்கள் இத்திரியத் தகட்டில் போய் ஒட்டும். தகட்டைச் சூடாக்கினால் அணுக்களாகக் கிளம்பும். ஆறு பக்கமிருந்தும் லேசர் கற்றைகள் அவற்றைத் தள்ளித் தள்ளி வேகத்தைக் குறைக்க, காந்தப்புலம் நடுவில் சேர்த்துவைக்கும். கடைசியில் வெற்றிடத்தில் ஒளிரும் ஒரு சிறு முகில்தான் மிஞ்சும்.

அமெரிக்காவின் ஆர்கோன் கூடத்தில் பேரிக்காய் வடிவக் கருவுள்ள ரேடியம்-225ஐ இப்படிப் பிடித்து, இடம் வலம் மட்டுமல்ல, காலத்தின் முன்பின் சமச்சீரையும் சோதித்து, 2015இல் முதல் முடிவை வெளியிட்டார்கள். மீறல் தெரியவில்லை. தெரிந்திருந்தால், பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருளை விடப் பொருள் ஏன் மிகுந்தது என்பதற்குத் துப்பு கிடைத்திருக்கும்.

இந்த அளவீடுகள் எல்லாம் கணக்கு இல்லாமல் வெறும் எண்கள்தான். சீசியத்தில் உள்ள 55 இலத்திரன்களையும் சேர்த்துக் கணிப்பது பரிசோதனைக்குக் குறையாத பாடு. அந்தக் கணக்கை மேலும் நுணுக்கமாக்கி 2021இல் வெளியிட்டவர்களில் அகமதாபாத் ஆய்வுகூடத்தின் பி.கே. சாஹூ ஒருவர். டிராக்கிடம் படித்த நம்மவர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசரும் 1943இல், புரோத்தனை நோக்கி நேரே விழும் இலத்திரன் லோரன்ஸ்-டிராக் சமன்பாட்டின்படி அதைத் தொடவே தொடாது என்று காட்டியது தாளிலும் பேனாவிலும்தான். யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் கவனிக்க: லேசர் கூடம் கட்டக் காசில்லை என்பது இந்தத் துறையில் சாட்டு ஆகாது.