நாய்களிற் பரம்பரையாக வருஞ் சிறுநீர்க் கல்

விதைநெல் தெரிவு செய்யுங் கமக்காரர் கதிரின் தோற்றத்தை மாத்திரம் நோக்குவதில்லை. அப்பயிர் நோயைத் தாங்கியதா என்பதையும் ஆராய்வர். தோட்டத்தைக் காக்கும் நாயை இனவிருத்தி செய்யும்போதும் இவ்விதியைக் கைக்கொள்ளுதல் வேண்டும். வெண்ணிற உடலிற் கரும்புள்ளிகளைக் கொண்ட டல்மேசியன் என்னும் நாயினத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

நோயின் காரணம்

உணவிலுள்ள சில பொருள்கள் உடலிற் சிதையும்போது யூரிக்கமிலம் உண்டாகின்றது. ஏனைய நாய்களில் இவ்வமிலம் ஈரலை அடைந்து, நீரில் எளிதிற் கரையும் வேறொரு பொருளாக மாறி வெளியேறும். டல்மேசியனின் ஈரலும் இம்மாற்றத்தைச் செய்ய வல்லதே. ஆயினும், அமிலத்தை ஈரலின் கலங்களுள்ளே கொண்டுசெல்லும் வழி பழுதுற்றிருக்கின்றது. சிறுநீரகமும் அதனைத் தக்கவாறு மீள உறிஞ்சுவதில்லை. ஆதலால் அமிலம் சிறுநீரிற் பெருகி, அமோனியாவுடன் சேர்ந்து கல்லாக உறையக்கூடும். ஆண் நாயின் சிறுநீர் வழி ஒடுங்கியதாகையால், கல் அடைக்கும் ஆபத்து அதற்கே அதிகம்.

அறிகுறிகள்

நோயுற்ற நாய் அடிக்கடி முக்கும். சிறுநீர் துளித்துளியாகவோ இரத்தங் கலந்தோ வெளிப்படும். சிறுநீர் முற்றாகத் தடைப்பட்டால் சில நாட்களுள் உயிரிழக்க நேரிடும். ஆகையாற் கைவைத்தியத்திற் காலம் போக்காது, அன்றே மிருக வைத்தியரிடங் கொண்டு செல்க. கிருமித் தொற்று முதலிய வேறு காரணங்களாலும் கல் உண்டாகும். எவ்வகைக் கல் என்பதை வைத்தியரே ஆராய்ந்து கூறுதல் வேண்டும்.

குறை நீக்கப்பட்ட வரலாறு

தெளிவான புள்ளிகளை விரும்பிப் பல தலைமுறையாகத் தெரிவு செய்தமையால், புள்ளியோடு இக்குறையும் இனம் முழுவதிலும் நிலைத்துவிட்டதென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இதனை நீக்கும்பொருட்டு, ஐக்கிய அமெரிக்காவில் றொபேட் ஷைபிள் என்பார் 1973ஆம் ஆண்டில் டல்மேசியனைப் பொயின்டர் என்னும் வேறின நாயுடன் கலந்தார். பிறந்த குட்டிகளுட் சிறுநீரில் யூரிக்கமிலங் குறைந்தவற்றைத் தெரிந்து, தலைமுறைதோறும் மீண்டும் டல்மேசியனுடனேயே கலந்து வந்தார். நல்ல நெல்லினத்தில் நோயெதிர்க்குங் குணத்தைச் சேர்க்கும் முறையும் இதுவே.

இவ்வழியிற் பிறந்த இரு நாய்களை அமெரிக்க நாய்ச் சங்கம் 1981ஆம் ஆண்டிற் பதிவு செய்தது. ஆனால் கலப்பினம் எனக் கூறி இனவிருத்தியாளர் எதிர்த்தமையாற் பதிவு நிறுத்தப்பட்டது. 2008ஆம் ஆண்டிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர் பழுதுற்ற பரம்பரையலகைக் கண்டறிந்தனர். 2011ஆம் ஆண்டில் அச்சங்கம் இந்நாய்களைப் பதிவுக்கு ஏற்றது. இதற்கிடையிற் கழிந்தவை முப்பத்தெட்டு ஆண்டுகள்.

பரம்பரைச் சோதனை

நாயின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் துடைத்தோ, சிறிது இரத்தம் எடுத்தோ இச்சோதனையைச் செய்யலாம். ஒவ்வொரு நாயும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இப்பரம்பரையலகைப் பெறுகின்றது. இரண்டும் பழுதாயின் குறை வெளிப்படும். ஒன்று மாத்திரம் பழுதாயின் நாய்க்குத் தீங்கில்லை. எனினும் அது பழுதைச் சுமந்து குட்டிகளுக்கும் கொடுக்கக்கூடும். சுமக்கும் இரு நாய்களைச் சேர்த்தாற் சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்றுக்குக் குறை தோன்றும். சுமக்கும் நாயைப் பழுதற்ற நாயுடன் சேர்த்தால் எக்குட்டிக்கும் குறை தோன்றாது. ஆகவே சுமக்கும் நாயை முற்றாக விலக்க வேண்டியதில்லை. தக்க இணையைத் தெரிந்தாற் போதும். புல்டோக் முதலிய வேறு சில இனங்களிலும் இப்பழுது காணப்படுவதுண்டு.

கவனிக்க வேண்டியவை

1. டல்மேசியன் நாய்க்கு எந்நேரமும் சுத்தமான நீர் கிடைக்கச் செய்க. நெடுநேரங் கட்டி வைக்காது, அடிக்கடி சிறுநீர் கழிக்க விடுக.

2. ஈரல், சிறுநீரகம், சாளை மீன் என்பவற்றை அதற்குக் கொடாதிருத்தல் நன்று.

3. டல்மேசியனுக்கும் நாட்டு நாய்க்கும் பிறந்த குட்டிகள் நலமாகவே தோன்றும். ஆயினும் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தாற் குறை மீண்டும் தலைகாட்டும்.

4. இக்கல்லினால் வருந்திய நாயை இனவிருத்திக்குப் பயன்படுத்தற்க.

கண்ணுக்குத் தோன்றாத குறை விதையிலும் உண்டு, விலங்கிலும் உண்டு. அழகிய குட்டியொன்றைப் பெறுமுன் அதன் தாய் தந்தையரின் நலத்தை விசாரித்தறிதல் கமக்காரர் கடனாகும்.