கை வைத்தால் நோய் தீருமா?

சக்தி வைத்தியம் என்ற பெயரில், நோயாளியின் உடலில் கைகளை வைத்தோ சற்று மேலே பிடித்தோ செய்யும் சிகிச்சைகள் பல உள. ஜப்பானில் 1922இல் மிக்காவோ உசுயி தொடங்கிய றெய்கி அவற்றுள் ஒன்று. கையிலிருந்து ஒரு சக்தி பாய்கிறது என்பர். 1998இல் வெளியான ஆய்வொன்றில், எமிலி றோசா என்ற அமெரிக்கச் சிறுமி, தொடாமல் இவ்வகைச் சிகிச்சை செய்வோர் 21 பேரை மறைப்பொன்றின் ஊடாகக் கைகளை நீட்டச் செய்து, தன் கை அவர்களது எந்தக் கைக்கு மேலே இருக்கிறதெனக் கேட்டாள். 280 தடவைகளில் நூற்றுக்கு 44 வீதமே சரி. சும்மா ஊகித்தாலே பாதி சரிவரும்!

ஆயினும், சுகம் கண்டோம் என்போர் பொய் சொல்வதாக நாம் கருதவில்லை. அச்சத்தில் நெஞ்சு படபடக்கும், தசைகள் இறுகும், நித்திரை வராது. இடம்பெயர்ந்தோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பரிவுள்ள ஒருவர் அருகிலிருக்க, அமைதியாகப் படுத்து மெதுவாக மூச்சு விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. குணமாகும் என்ற நம்பிக்கையால், நோவைக் குறைக்கும் பொருள்கள் மூளையிலேயே சுரப்பதும் உண்டு.

ஆகவே தலையிடியும் நித்திரையின்மையும் இலேசாகலாம். பாம்புக்கடியும் எலிக்காய்ச்சலும் வலிப்பும் இதற்கு அடங்கா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காசு வாங்கிக்கொண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் போகவேண்டாம்.